என் கல்லறையில் ஒரு கதிரை

போன சனிக்கிழமை என் கல்லறையில் ஒரு பெண்மணி கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

பயப்பட வேண்டாம். இந்தப் பத்தியை உயிரோடுதான் எழுதுகிறேன். என் கல்லறை என்று நான் சொன்னது, எங்கள் கோயிலின் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் என் மனைவி பிலோமினாவுக்கு அருகே எனக்கென்று ஒதுக்கப்பட்ட வெறும் நிலத்தை. அவள் போய் ஓர் ஆண்டு ஆகப்போகிறது. சனிக்கிழமை காலைகளில் பூக்களோடு போவேன். சற்று நேரம் நிற்பேன். திரும்பிவிடுவேன். அதைப் பற்றி அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

கதிரையில் இருந்தவர் திரேசம்மா. இளைப்பாறிய தாதி. திருகோணமலை நகரில் பாதிப்பேர் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஆகவே எல்லோருக்கும் அவர் இன்றும் 'மிஸ்ஸி'தான். ஸ்கூட்டியில் வருவார். ஹெல்மெட் தலையில் இராது — முழங்கையில் தொங்கும். அன்று ஒரு மடக்குக் கதிரையையும் கொண்டுவந்து, என் நிலத்தின் நட்டநடுவில் விரித்து, ஒரு கையில் செபமாலையும் மறு கையில் குடையுமாக வீற்றிருந்தார். குடை வெயிலுக்கு அல்ல, மானுக்கு. எங்கள் ஊரில் வீதி வீதியாகத் திரியும் மான்களுக்குக் கல்லறைப் பூக்கள் என்றால் கொள்ளை ஆசை. காவல் இல்லாவிட்டால் செபம் முடிவதற்குள் காம்பு மட்டுமே மிஞ்சும்.

"மிஸ்ஸி, இது என்ட இடம்," என்றேன்.

"ஓ... இருங்கோ சேர், இருங்கோ." எழுந்து கதிரையை என் பக்கம் தள்ளினார்.

"இருக்கிற இடம் இல்ல மிஸ்ஸி. படுக்கிற இடம்."

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "பொறுங்கோ... ஆர் சொன்னது உங்கட இடமெண்டு? இது எனக்கெல்லோ தந்தது! இஞ்ச பாருங்கோ, என்ட மனிசன்."

குடை நுனி மறுபக்கத்தைக் காட்டியது. உண்மைதான். ஒருபுறம் பிலோமினா, மறுபுறம் திரேசம்மாவின் கணவர் சூசைமுத்து. இருவருக்கும் இடையில் ஒரேயொருவர் படுக்கக்கூடிய நிலம். பிலோமினாவுக்கு அப்பால் மதில். சூசைமுத்துவுக்கு அப்பால் நடைபாதை. எந்தப் பக்கமும் நகர வழியில்லை.

"நான் விடமாட்டன் சேர். என்ட தம்பியின்ட மகன் லோயர். கோட்டில பாப்பம்!"

யாரிடம் சொல்கிறார்? ஆயுளின் பெரும்பகுதியை நீதிபதி ஆசனத்தில் கழித்த ஒருவனிடம்!

வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றிக்கொண்டு வழக்கை மனத்துக்குள் நடத்தினேன். இடத்தை எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் கோயில் சங்கிலித்தாம் சந்தியாப்பிள்ளை — பூசைக்கு மணியடிப்பது முதல் புதைகுழிக்கு இடம் அளப்பது வரை கோயில் காரியங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அவரே முதற் சாட்சி. பிறகு ஒரு தடையுத்தரவு. எனக்கு எதிராக நானே எழுந்து வாதாடியும் பார்த்தேன்... அதிலும் நானே வென்றேன். தேநீர் அருமையாக இருந்தது.

கிறிஸ்தவன் கிறிஸ்தவனுக்கு எதிராக வழக்குப் போடலாமா என்று வாசகர்கள் அவ்வப்போது என்னைக் கேட்பதுண்டு. சகோதரனை நீதிமன்றத்துக்கு இழுப்பதைவிட நட்டப்பட்டுப் போவது மேல் என்பது ஆதித் திருச்சபைக்கே சொல்லப்பட்ட அறிவுரை. அந்தப் பகுதி கோயிலில் வாசிக்கப்படும் ஞாயிறுகளில், பெண்கள் பக்கத்திலிருந்து பிலோமினா என்னை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே சகோதரர்கள் வழக்காடியதால் அல்லவா?

ஆனால் அந்த அறிவுரையைக் கேடயமாகப் பிடிப்பவர்களையும் அவள் விட்டதில்லை. எங்கள் கோயில் பங்கில் ஒருவர் மனைவியை அடித்து வந்தார். "வெளியில போகாம எங்களுக்குள்ளேயே கதைச்சுத் தீர்ப்பம்" என்று பெரியவர்கள் சிலர் அந்தப் பெண்ணை உட்காரவைத்துப் புத்தி சொன்னார்கள். பிலோமினா நேரே அந்தக் கூட்டத்துக்குள் போனாள். "மன்னிக்கிறது வேற, மறைக்கிறது வேற" என்றாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பி, ஓட்டோவில் ஏற்றிப் பொலிசுக்குக் கூட்டிப் போய்விட்டாள். இருவரும் சமபலம் உடையவர்களானால் பேசித் தீர்க்கலாம். ஒருவர் மெலியவரானால், பேச்சு என்பது வலியவருடைய வீட்டு விருந்து. மெலியவருக்கு நீதிமன்றம்தான் சொந்த வீடு. இதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

சரி, திரேசம்மா மெலியவரா? குடையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நான் மெலியவனா? அதுவும் இல்லை. அப்படியானால்...

தீர்ப்புச் சொன்ன நாட்களில் வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் கதையைச் சொல்வேன். யார் வென்றார் என்று அவள் கேட்கமாட்டாள். எப்போதும் ஒரே கேள்விதான்:

"தோத்தவர் இண்டைக்கு எங்க போய்ச் சாப்பிடுவார்?"

இது சட்டத்துக்கு அப்பாற்பட்ட கேள்வி என்று நானும் எப்போதும் ஒரே பதிலைச் சொல்வேன். அன்று மனத்துக்குள் வழக்கை வென்று முடித்தபின் அந்தக் கேள்வி வந்து நின்றது. தேநீர் ஆறிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் பங்குத்தந்தை எங்கள் இருவரையும் அழைத்தார். இளைஞர், குருப்பட்டம் பெற்று வந்த புதிது. கல்லறைச் சண்டைக்குக் குருமடத்தில் பாடம் வைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சங்கிலித்தாமையும் கூப்பிட்டு, ஒரே இடத்தை எப்படி இரண்டு பேருக்குக் கொடுத்தீர் என்று கேட்டார்.

சந்தியாப்பிள்ளை திடுக்கிட்டார்.

"ஒரே இடமோ? இல்ல பாதர்! சேருக்கு நான் ஆம்பிளையள் பக்கம் சொன்னனான். மிஸ்ஸிக்குப் பொம்பிளையள் பக்கம் சொன்னனான். அது ரெண்டு பக்கமெல்லோ?"

எங்களுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. எங்கள் கோயிலில் பீடத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். சேமக்காலையிலும் அவர் அதே ஒழுங்கைத்தான் கைக்கொண்டிருக்கிறார். பிலோமினாவுக்கு வலப்பக்கம், ஆகவே ஆண்கள் பக்கம் — எனக்கு. சூசைமுத்துவுக்கு இடப்பக்கம், ஆகவே பெண்கள் பக்கம் — திரேசம்மாவுக்கு. இரண்டு பெயர், ஒரே நிலம். ஒரு பொய்யும் இல்லாமல், ஒரு சூதும் இல்லாமல் ஒரே மண்ணை இருவருக்கு வழங்கிய அந்த உத்தமரை எந்தச் சட்டப்பிரிவின்கீழ் நிறுத்துவது?

"மிஸ்ஸி, கொஞ்சம் தள்ளி வேற இடம் பாக்க ஏலாதோ?" என்றார் பாதர்.

"ஏலாது பாதர். அவருக்குக் கடைசிக் காலத்தில வலக்காது கேளாது. இடப்பக்கம் நிண்டு கதைச்சாத்தான் விளங்கும். அங்க போய் நான் கதைக்கிறது அவருக்குக் கேக்க வேணுமெல்லோ?"

என்னிடம் அத்தகைய காரணம் ஏதும் இல்லை. அவளுக்கு அருகில் என்பது மட்டுமே என் காரணம்.

பாதர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "ஒண்டு செய்யலாம். இப்ப கன இடங்களில ஒரே குழிக்குள்ள மேல ஒராள், கீழ ஒராள் வைக்கினம்..."

"பாதர்!" திரேசம்மா கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "என்ட மனிசன் பக்கத்தில படுத்திருக்க, நான் இன்னொரு ஆம்பிளையோடயோ?"

"பிலோமினாவும் சும்மா விடமாட்டாள்," என்றேன் நான்.

முதலில் சங்கிலித்தாம் சிரித்தார். பிறகு பாதர். பிறகு திரேசம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அதுவும் சிரித்த மாதிரியே இருந்தது. அவள் போனபின் பிலோமினாவின் பெயரை நான் சிரித்துக்கொண்டு சொன்னது அதுவே முதல் தடவை என்பதை வீடு வந்த பிறகுதான் கவனித்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரேசம்மாவே முடிவைச் சொன்னார்: "சேர், கோடும் வேண்டாம், லோயரும் வேண்டாம். ஆர் முந்திப் போறமோ, அவைக்கு அந்த இடம். மற்ற ஆள் எங்கயாவது ஒரு மூலையில படுக்கட்டும். சரியோ?"

"ஓம், சம்மதம்," என்றேன். கைகுலுக்கிக்கொண்டோம்.

இணக்கங்களில் ஓட்டை தேடுவது என் பழைய தொழில். இதில் இருந்த ஓட்டை மட்டும் அப்போது கண்ணில் படவில்லை. இந்த வழக்கில் வெல்ல வேண்டுமானால் சாக வேண்டும். தோற்பவரோ... நீண்ட நாள் வாழ்வார்.

திரேசம்மாவுக்கு இது என்னைவிட விரைவாக விளங்கியிருக்கிறது. திங்கட்கிழமை காலை, வாசலில் ஸ்கூட்டிச் சத்தம்.

"பிறஷர் பாக்க வந்தனான் சேர். கையை நீட்டுங்கோ."

"ஏன் மிஸ்ஸி, எனக்கென்ன?"

"நீங்கள் முந்திப் போனா நான் எல்லோ தோத்துப் போவன்! அது நடக்காது. இந்தாங்கோ, குரக்கன் பிட்டு. பாரை மீன் சொதி. உப்புக் குறைச்சுத்தான் வைச்சனான். முகத்தைச் சுளிக்காமச் சாப்பிடவேணும்."

சாப்பிட்டேன். உப்புக் குறைவுதான். ஆனால் இன்னொருவர் கையால் சமைத்த சொதி... சுடச்சுட.

நான் மட்டும் சளைத்தவனா? அவரை முந்தவிடக் கூடாது என்பதில் எனக்கும் அதே அளவு உறுதி உண்டு. அன்று வாசல்வரை போய், ஸ்கூட்டியின் முன்னால் நின்றுகொண்டேன்.

"ஹெல்மெட்டைப் போடுங்கோ மிஸ்ஸி. போடாட்டி விடமாட்டன்."

"தலைமயிர் கலைஞ்சு போகும் சேர்!"

"கலையட்டும். இது நீதிமன்றக் கட்டளை."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். வீதி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். திருப்பத்தில் கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. போகும்போது திரும்பாமலே கையை மட்டும் ஆட்டினார்.

இந்த வாரம் முழுவதும் அப்படியே போகிறது. காலையில் பிறஷர், பிட்டு, சண்டை, ஹெல்மெட். இரண்டு எதிராளிகளும் மற்றவரை உயிரோடு வைத்திருக்க இவ்வளவு பாடுபடும் வழக்கை நான் ஆசனத்தில் இருந்த காலத்தில் கண்டதில்லை. எங்கள் பிடிவாதத்தைப் பார்த்தால் அந்த நிலம் நெடுங்காலம் காலியாகவே கிடக்கும். மான்கள் மேயட்டும்.

பிலோமினா, உன் கேள்விக்கு இன்று பதில் இருக்கிறது: தோத்தவர் வென்றவர் வீட்டுப் பிட்டைத்தான் சாப்பிடுகிறார் — யார் தோத்தவர் என்பது மட்டும் இன்னும் தீரவில்லை.