எடுத்து விடுங்க மாப்ள

திலகவதியின் கையைப் பார்த்தாலே பூனை வளர்ப்பவள் என்று தெரிந்துவிடும். முழங்கை வரை கோடு கோடாகக் கீறல். ஒன்று காய்ந்தால் ஒன்று புதிதாக விழும். அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. "எங்க ஏட்டம்மா போட்ட கையெழுத்து" என்று நீட்டிக் காட்டுவாள்.

ஏட்டம்மா என்பது அந்தப் பூனையின் பேர். வீடு, வைக்கோல் போர், கடலை மூட்டை அடுக்கிய கொட்டகை என்று ஓரிடம் விடாமல் ரோந்து போனதால் வந்த பேர். திலகவதி ஆலங்குடிப் பக்கம் செம்மண் காட்டில் கடலை போடுகிறவள். புருஷன் நாகராசு மஸ்கட்டில் இருக்கிறான். ஒரே மகள் காவ்யாவைப் புதுக்கோட்டையில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஆள் பிடிப்பது, கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடுவது எல்லாம் அவள் ஒருத்திதான். விதைக்கடலையை எலியிடமிருந்து காப்பது மட்டும் ஏட்டம்மாவின் இலாகா. பிடித்த எலியை அவள் காலடியில் கொண்டுவந்து போடும். அவள் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகுதான் வாய் வைக்கும். அப்படி ஒரு மரியாதை எந்தப் பூனைக்கு உண்டு என்று அவளுக்குப் பெருமை பிடிபடாது.

கடலை பிடுங்கிக் காயவைத்து, விதைக்கு மூட்டை கட்டிய கையோடு அவளுக்கு வயிற்றுக் கட்டி ஆபரேஷன் வந்தது. பூனையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. காவ்யா டவுனுக்குத் தூக்கிப் போனாள். அங்கே மருமகன் பிரசாந்த் புதிதாக ஒரு சோபா வாங்கிப் போட்டிருந்தான். ஏட்டம்மா அதில் நகம் தீட்டியது. வேப்பமரத்தில் தீட்டிப் பழகிய பிறவிக்கு சோபா என்ன, மரம் என்ன?

பிரசாந்த் நல்ல பிள்ளைதான். கேட்காமல் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டான்.

"அத்தே, பூனைக்கு நகத்த எடுத்துரலாம்னு இருக்கேன். இங்க ஒரு டாக்டரு எடுக்குறாராம். நீங்க என்ன சொல்றீங்க?"

"எடுத்து விடுங்க மாப்ள. இதுக்குப் போயி என்னையக் கேக்கணுமா?"

கோயிலில் முடி எடுக்கிறோம். பிள்ளைக்கு நகம் எடுக்கிறோம். எடுத்தது வளரும். அந்த நினைப்பில் சொன்ன வார்த்தை அது. அவள் படுத்திருந்த வார்டிலோ அக்கம்பக்கத்துக் கட்டிலெல்லாம் கர்ப்பப்பையை எடுத்தாச்சு, பித்தப்பையை எடுத்தாச்சு என்றுதான் பேச்சு. அவளுக்கே எடுத்திருந்தார்கள். எடுத்தால் போனது போனதுதான் என்பது அந்தக் கட்டிலில் கிடந்தும் அவள் மண்டையில் ஏறவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது ஏட்டம்மா மண்ணில் முன்னங்காலை ஊன்றக் கூசியது. பாதத்தை அமுக்கிப் பார்த்தாள். வெளியே வரவேண்டிய நகம் வரவில்லை. மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நகத்த மட்டும் எடுக்கலம்மா. வெரல் நுனி எலும்போட சேத்து எடுத்துருக்காங்க. இனி மொளைக்காது."

மகளுக்கு போன் போட்டு, "ஏண்டி இப்புடிப் பண்ணீங்க?" என்றாள்.

"நீதானம்மா எடுக்கச் சொன்ன. ஒன்னையக் கேட்டுட்டுத்தான செஞ்சாரு."

மருமகனிடம் குரலை உயர்த்த முடியுமா? மகள் வாழ்கிற வீடு அது.

ஏட்டம்மா ரோந்தை விடவில்லை. அதுதான் கொடுமை. பழையபடி மூட்டை இடுக்கில் பதுங்கும், பழையபடி பாயும். பாதம் சரியாக எலியின் முதுகில்தான் விழும். எலி நழுவிப் போய்விடும். பூனை தன் பாதத்தைப் புரட்டிப் பார்த்து நக்கிவிட்டு மறுபடி போய்ப் பதுங்கும். திலகவதி பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பால்சோறு வைத்தாள். தின்றது, ஆனால் தலையைக் குனிந்துகொண்டு தின்றது என்று அவளுக்குத் தோன்றியது. எலிகளுக்குச் சேதி தெரிந்துவிட்டது. மூட்டைகள் ஒவ்வொன்றாக ஓட்டையாயின.

தீபாவளிக்கு வந்த பிரசாந்த் பூனையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். "இப்பப் பாருங்க அத்தே, எவ்வளவு சாதுவாயிருச்சு."

"ஆமா மாப்ள" என்று சொல்லி இன்னொரு தோசை வைத்தாள்.

எலி மருந்து வைக்கச் சொல்லி ஊரே சொன்னது. பூனை இருக்கும் வீட்டில் எப்படி வைப்பது என்று மறுத்துவிட்டாள். பக்கத்துக் கொல்லை பெரியகருப்பன்தான் ஒரு நாள் வேலியோரம் நின்று சொன்னார்.

"எங்க கொட்டாயில மருந்து வச்சுருக்கேன் ஆத்தா. எலி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடும். ஒம் பூனையப் பாத்துக்க."

"அது எங்கண்ணே இனிமே எலி பிடிக்கப் போகுது?" என்றாள்.

மார்கழி விதைப்புக்காக முற்றத்தில் உட்கார்ந்து மிச்சக் கடலையை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகைப் பக்கமிருந்து ஏட்டம்மா வந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, பழைய நடை. வாயில் எலி. நல்ல கொழுத்த எலி. கொண்டுவந்து அவள் காலடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

திலகவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்க ஆத்தா, எப்புடிப் பிடிச்ச? சரி, சரி, தின்னு."

பூனை குனிந்து தின்னத் தொடங்கியது. மாதக்கணக்கில் இந்த ருசிக்கு ஏங்கிய வாய். அவள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. நகமில்லாத காலில் எந்த எலி நிற்கும்? ஓட முடியாத எலிதான் நிற்கும்.

பாய்ந்து எலியைப் பிடுங்கினாள். பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. ஏட்டம்மா விடவில்லை. சீறிக்கொண்டு தன் பலமெல்லாம் கூட்டி அவள் கையை அடித்தது. மறுபடி மறுபடி அடித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. ஒரு கீறல்கூட விழவில்லை.