நாங்களே எழுதினோம் என்று சொல்ல வேண்டுமாம்

இன்னும் கோபம் ஆறவில்லை.

ரோபோ போட்டிக்கு என் மகள் காயத்ரியும் அவள் தோழிகள் இருவரும் ஒரு டீம். இன்று திருவனந்தபுரம் வலியசாலையில் அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. கறுப்புக் கோட்டின் மேல் ஓட வேண்டிய ரோபோ, வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. மூவரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து தப்பைத் தேடினார்கள்.

மலையாளியான பயிற்சியாளருக்குப் பொறுமை இல்லை. அவர்கள் எழுதிய புரோகிராமை எடுத்துவிட்டுத் தன்னுடையதை ஏற்றினார். ரோபோ அழகாக வளைந்து ஓடியது. பெற்றோர்கள் எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

அதற்கப்புறம் பிள்ளைகளிடம் சொன்னார்: "ஜட்ஜ் கேட்டா, நாங்களே எழுதினோம்னு சொல்லணும், கேட்டோ?"

"பொய் சொல்லணுமா சார்?" என்றாள் காயத்ரி.

"ஜெயிக்கண்டே மோளே?" ஜெயிக்க வேண்டாமா மகளே என்று மலையாளத்தில் கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்துவிட்டேன். "அவா எழுதினதையே திரும்பப் போடுங்கோ சார். தோத்தா தோக்கட்டும்."

"எங்காத்துக் குழந்தையோட சான்ஸைக் கெடுக்காதீங்கோ மாமி!" என்று தோழி ஒருத்தியின் அம்மா என் மேல் பாய்ந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பெண்ணே பழைய புரோகிராமை ஏற்றிவிட்டாள்.

ரோபோ மறுபடியும் சுவரில் முட்டியது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு மறுபடியும் தப்பைத் தேட உட்கார்ந்தார்கள்.

இனி வர வேண்டாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

பிள்ளைகளை நிம்மதியாகத் தோற்க விடுகிற பயிற்சி வகுப்பு திருவனந்தபுரத்தில் எங்காவது இருந்தால், தயவுசெய்து கமெண்டில் சொல்லுங்கள்.