அருமனை வீட்டில் ஒரு தாழ்ப்பாள்

1. கதவு இல்லாத குளியலறை

நான் போய்ப் பார்த்தபோது அந்தக் குளியலறைக்குக் கதவு இல்லை. நிலை மட்டும் நின்றது. அதில் ஆணி அடித்து ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அருமனையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு. என்னைக் கூப்பிட்டவள் அந்த வீட்டு மருமகள் பிரிஜா. நர்சரிப் பள்ளி டீச்சர். கணவன் ஷிஜுவுக்குக் கல்ஃபில் வேலை. வீட்டில் இருந்தது பிரிஜா, பள்ளிக்கூடம் போகும் அவள் மகள், மாமனார் தங்கையன் ஆகிய மூன்று பேர்தான். மூவருக்கும் இந்த ஒரே குளியலறை. தங்கையன் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். சில மாதங்களுக்கு முன் ஸ்ட்ரோக் வந்து அவருக்கு இடது பக்கம் தளர்ந்துபோயிருந்தது. பேச்சும் நிதானமாகத்தான் வரும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிவில் டிப்ளமோ படித்தேன். சில காலம் கட்டட வேலைகளில் சூப்பர்வைசர். பிறகு தனியாகப் பழைய குளியலறைகளை மாற்றிக் கொடுக்கும் வேலையை எடுத்துச் செய்தேன். இதே வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

“கதவு எங்கே?” என்று கேட்டேன்.

“ஒடச்சாச்சுக்கா” என்றாள் பிரிஜா. “மாமா உள்ள விழுந்துட்டாவ. கதவு உள்பக்கமா தொறக்கது. அவிய கதவோட ஒட்டிக் கெடந்தாவ. தள்ளினா அவியளுக்க மேலதான் இடிக்கும். பின்ன பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கோடாலிய வச்சு மேல்பலகைய வெட்டி எடுத்தாரு.”

உள்ளே பார்த்தேன். வாசலில் உயரமான ஒரு படி. தரையில் வழுவழு டைல்ஸ். வாட்டம் சரியில்லாததால் மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது. இந்தியன் கக்கூஸின் மேல் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் டவல் ராடு ஒரே ஸ்க்ரூவில் தொங்கியது. வழுக்கும்போது யாருடைய கையும் முதலில் அதற்குத்தான் போகும். துண்டு காயப்போட வைத்த கம்பி ஆளை எப்படித் தாங்கும்?

“எனக்கு ஒத்தைக்கு அவியள தூக்க முடியாதுக்கா” என்றாள் பிரிஜா. “பள்ளிக்கூடத்துல இருந்தாலும் நெனப்பு வீட்டுலதான் கெடக்கும்.”

2. ஃபிளாட்டில் உள்ளது போல

வீடியோ காலில் ஷிஜு வந்தான். வாட்ஸப்பில் அதற்கு முன்பே ஒரு ஃபோட்டோ அனுப்பியிருந்தான். கறுப்பு நிறத்தில் பளபளக்கும் டைல்ஸ், கண்ணாடித் தடுப்புக்குள் ஷவர்.

“நான் வேல பாக்க ஃபிளாட்டுல உள்ளதாக்கும். இதே போல அப்பாவுக்கு வேணும். காரியம் நல்லா இருக்கணும்.”

கண்ணாடித் தடுப்பு வைத்தால் அடியில் ஒரு வரம்பு வரும், அது அப்பாவின் காலைத் தடுக்கும் என்றேன். கறுப்புத் தரையில் தண்ணீர் கிடப்பது தெரியாது என்றும் சொன்னேன். அவன் வாதம் செய்யவில்லை.

“செரிக்கா. நீங்க பாத்துச் செய்யுங்க. ஆனா ஒரு காரியம். கதவுக்கு உள்ள கொண்டி வைக்காண்டாம்.”

தாழ்ப்பாளைத்தான் அங்கே கொண்டி என்பார்கள். ஏன் என்று கேட்டேன்.

“அன்னைக்கு அப்பா உள்ள கொண்டி போட்டிருந்தாவ. கதவ வெட்டும்போ பிரிஜா எனக்கு வீடியோ கால் போட்டா. எல்லாத்தையும் நான் பாத்துட்டுதான் இருந்தேன். அப்பாக்க சத்தமே வரல்ல. நான் இஞ்ச இருந்து என்ன செய்யதுக்கு?” பிரிஜா ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இந்தப் பேச்சு முழுவதும் தங்கையன் அதே அறையில்தான் இருந்தார். பிரிஜாவின் மகள் டீ கொண்டு வந்தாள். அவர் வேண்டாமென்று கையை ஆட்டினார்.

3. வேலை தொடங்கியது

முதலில் பழைய டைல்ஸை உடைத்தோம். அடியில் போட்டிருந்த செங்கல் துண்டுகள் எல்லாம் ஊறிக் கிடந்தன. அதை வாரி வெளியே போட்டு, குழாய்களை மாற்றி, வாட்டர் ப்ரூஃபிங் இரண்டு கோட் அடித்தோம். பிறகு வாசலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி விட்டோம். தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ் போட வேண்டும். வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். அதற்காக இந்தச் சோதனையை மட்டும் விடக்கூடாது. விட்டால் அடுத்த மழைக்காலத்தில் பின்பக்கச் சுவர் ஈரம் ஏறிப் பூத்துப்போகும்.

சுவர் ஹாலோ பிளாக் சுவர். அதில் ஆங்கர் போல்ட் பிடிக்காது. பிடித்துக்கொள்ளும் கம்பி, அதாவது கிராப் பார் வரும் இடங்களில் பிளாக்கை வெட்டி உள்ளே கான்கிரீட் நிரப்பினோம். இந்த வேலை முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முழு எடையும் அதில்தான் நிற்கும்.

அந்த நாட்களில் வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குப் போய்வந்தார்கள். தங்கையனை மட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்த பிறகு கைபிடித்துக் கூட்டிப் போவார். ஒரு நாள் காலையில் நாங்கள் போனபோது வீடு பூட்டியிருந்தது. தங்கையனுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்து மார்த்தாண்டத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

மாலையில் துணி எடுக்க வந்த பிரிஜா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“மூத்திரத்துல இன்பெக்சனாம். டாக்டர் என்னையாக்கும் ஏசினாரு. குடிக்க வெள்ளம் குடுக்கது இல்லியாண்ணு கேட்டாரு. நான் குடுக்காம இருப்பேனா அக்கா? அவிய குடிக்கமாட்டாவ.”

“பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியிருக்கே, அதனாலயா?”

“இல்லக்கா. கதவ ஒடச்ச நாள்ல இருந்தே இப்படித்தான். குடிச்சா போணும்லா. பெட்ஷீட்டுக்க இந்தப் பக்கம் நானும் பிள்ளையும் நடமாடுவோம். அதான். ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டதில்ல. மாமிக்கு நான் எல்லாம் செய்தேன். இவியளுக்குச் செய்ய மாட்டேனா?” அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

4. கொண்டி உண்டா?

தங்கையன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது தரை டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்தோம். மேட் ஃபினிஷ், ஈரத்திலும் கால் பிடிக்கும். வாசல் படியை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து உள்ளே சமமாக நடந்து போகும்படி செய்திருந்தோம். அவர் நாற்காலியை நகர்த்தச் சொல்லி எதிரே வந்து உட்கார்ந்தார்.

“பிள்ளே, கதவு உண்டா?” என்று என்னைக் கேட்டார்.

“உண்டு அண்ணே. வெளிப்பக்கமா திறக்கிற கதவு. உள்ளே யார் விழுந்தாலும் திறக்கலாம்.”

“கொண்டி?”

ஷிஜு வேண்டாம் என்று சொல்லியிருப்பதாகச் சொன்னேன். கொத்தனார் மணி டைல்ஸைத் தட்டிப் பொருத்துவதை அவர் பார்த்தார்.

“அப்பம் கதவு எதுக்கு? பெட்ஷீட்டே போதும்” என்றார்.

அன்று சாயங்காலம் பிரிஜா வந்ததும் ஷிஜுவையும் ஃபோனில் கூப்பிடச் சொன்னேன். மூன்று பேரும் பேசி முடிவு சொன்னால்தான் கதவுக்கு ஆர்டர் கொடுப்பேன் என்றேன். ஒரு வகைப் பூட்டு இருக்கிறது. உள்ளே இருப்பவர் திருகிப் பூட்டிக்கொள்ளலாம். வெளிப்பக்கம் காடி என்ற சின்ன வெட்டு ஒன்று இருக்கும். அவசரம் என்றால் ஸ்பூன் காம்பைச் செருகித் திருப்பினால் திறந்துவிடும். அதன் படத்தைக் காட்டினேன்.

ஷிஜுவுக்கு அதுவும் சம்மதமில்லை. “பூட்டு பூட்டுதான்க்கா. அப்பா, நீங்க கொண்டி போட்டுட்டு விழுந்தா?”

“கொண்டி போடாட்டாலும் விழுவேன்” என்றார் தங்கையன். “விழுகதுக்குப் பேடிச்சு நான் எனக்க மருமவளுக்க முன்னால துணி இல்லாம இருக்கணுமா?”

அந்த வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. பிரிஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

தங்கையன் படத்தை வாங்கிப் பார்த்தார். “வெளிய இருந்து தொறக்கலாமுன்னா இதுக்குப் பேரு கொண்டியா?”

பிரிஜாதான் நிமிர்ந்து பேசினாள். “மாமா, நான் ஒண்ணு சொல்லுதேன். நீங்க கொண்டி போட்டுக்கிடுங்க. நான் தொறக்க மாட்டேன், பிள்ளையும் தொறக்க மாட்டா. ஆனா நான் கதவுல தட்டினா நீங்க பதில் சொல்லணும். பதில் வரல்லேன்னா தொறப்பேன். அதுக்கு நீங்க கோவப்படப்பிடாது.”

“வாய் எழும்பல்லேன்னா?”

கேட்டவர் தங்கையன். அவரே யோசித்தார்.

“பஸ்ஸுல உள்ளது போல வைப்போம். கண்டக்டர் ரெண்டு விசில் அடிச்சா வண்டி போலாம், ஒண்ணு அடிச்சா நிக்கணும். நீ தட்டு. நான் ரெண்டு தட்டு தட்டினா ஒரு கொழப்பமும் இல்ல. ஒண்ணு தட்டினா நீ வா.”

“ஒண்ணுமே தட்டல்லேன்னா?” என்று ஃபோனில் ஷிஜு கேட்டான்.

“அப்பம் கேக்காண்டாம், தொறந்துக்கிடலாம்” என்றார்.

பிரிஜா பள்ளிக்குப் போகும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அண்ணனிடமும் இதைச் சொல்லி வைத்தார்கள். ஷிஜு கடைசியில் “பிரிஜாவுக்கு செரின்னா எனக்கும் செரி” என்றான். மறுநாள் நான் கதவுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

வேலை முடிந்த அன்று அவர் தனியாகத்தான் உள்ளே போனார். வலது கையால் கம்பியைப் பிடித்து, காலை இழுத்து வைத்து, கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிரிஜா என் கையைப் பிடித்து அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுப்பில் இருந்த மரச்சீனிக் கிழங்கைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

5. கீழே ஒரு கம்பி

மழைக்காலத்தில் பிரிஜா ஃபோன் செய்தாள். மாமா விழுந்துவிட்டார் என்றாள்.

குளிக்கும் ஸ்டூலில் இருந்துகொண்டு சோப்பை எடுக்கச் சாய்ந்திருக்கிறார், சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் தட்டியதும் ஒரு தட்டு வந்திருக்கிறது. திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதலில் துண்டைத்தான் போட்டிருக்கிறாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுப்ப முடியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வந்த பிறகுதான் தூக்கியிருக்கிறார்கள்.

“மாமா உங்கள ஒருக்கா வரச் சொல்லுதாவ” என்றாள்.

மணியையும் கூட்டிக்கொண்டு போனேன். வேலையில் குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். குறைதான் சொன்னார்.

“பிள்ளே, நீ வச்ச கம்பி நிக்கவனுக்கு உள்ளது. தறையில கெடக்கவனுக்கு அது எட்டாது. அன்னைக்கு நான் கைய நீட்டி நீட்டிப் பாத்தேன்.”

“எங்க வைக்கணும் அண்ணே?”

வாயால் சொல்ல அவருக்கு அலுப்பாக இருந்திருக்க வேண்டும். பிரிஜாவையும் மணியையும் பிடிக்கச் சொல்லிக் குளியலறைக்குள் போய், சட்டையும் வேட்டியுமாகத் தரையில் உட்கார்ந்தார். கதவு விரியத் திறந்திருந்தது. நாங்கள் மூவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். வலது கையை நீட்டினார். மணி பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டான்.

“கொஞ்சம் தாழ” என்றார். மணி அழித்துவிட்டு வேறு கோடு போட்டான். “இன்னும் முன்னால.” அதையும் மாற்றிப் போட்டான். கடைசியில் அந்தக் கோட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்து, “இது கொள்ளாம்” என்று தலையாட்டினார்.

கிராப் பார் உயரத்துக்கு அளவுகள் உண்டு. நான் வைத்ததும் அந்த அளவில்தான், அதில் தவறு கிடையாது. அவை நிற்கிறவருக்கும் உட்கார்ந்து எழுகிறவருக்கும் ஆனவை. அருமனை வேலைக்குப் பிறகு நான் செய்த குளியலறைகளில் தரையை ஒட்டிக் கூடுதலாக ஒரு கம்பி வைத்தேன். இது எதற்கு என்று பலரும் கேட்பார்கள். விழாமல் பார்த்துக்கொள்ளத்தானே இவ்வளவும் செய்கிறோம் என்பார்கள். விழுந்தால் எழுந்திருக்க என்று சொல்வேன். அந்தக் கம்பிக்கு மட்டும் டேப் பிடித்து அளப்பதில்லை. குளிக்கப்போகிறவரைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்து, கை தானாக எங்கே போகிறது என்று பார்ப்போம். மணி பென்சிலை எடுப்பது அதற்குப் பிறகுதான்.