பதில் சொன்ன தண்ணீர்த் தொட்டி

ஜுராண்டிர் எங்கள் குன்றைவிட்டுப் போனது, கார்னிவல் முடிந்த மறுநாள், திருநீற்றுப் புதன் காலையில். நெற்றியில் சாம்பல், காதோரம் கழுவாத ஜிகினா. பேருந்தில் தனக்கொரு சீட்டு, தன் பெரிய முரசுக்கொரு சீட்டு எடுத்தான். மனைவி ஜசீராவுக்கு எடுக்கவில்லை.

எங்கள் சம்பா ஆட்டக் குழுவின் பெயர் ‘பிடிவாத நண்டு’. ஜசீரா அக்கா பள்ளிக்கூடத்தில் சமையல்; நண்டில் முதல் முரசு. அவர் ஒன்று அடிப்பார், ஜுராண்டிரின் முரசு பதில் சொல்லும். அதன்மேல்தான் மற்ற வாத்தியங்கள் நடக்கும். வீட்டில் இருவரும் பேச்சை விட்டுப் பல வருடமாகியிருந்தது, சண்டைகூட ஒத்திகையில்தான், அவன் பதில் எப்போதும் பிந்துகிறதென்று.

கார்னிவல் போட்டி ஊர்வலத்தில் பதில் இல்லாமல் போனால் கடைசி இடம் உறுதி. கடைசியாக வந்தால் நண்டுக்கு அடுத்த வருடம் ஊர்வலமே கிடையாது. கீழே இறக்கிவிட வேறு பிரிவு இல்லை. நாங்கள் ஏற்கெனவே கடைசிப் பிரிவு.

நான் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி, கிலுக்கு ஆட்டச் சேர்ந்தது அப்போதுதான். அக்கா இரவல் முரசுகளையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். “இது பதில் சொல்லல, இருமுது.”

ஒரு ஞாயிறு, அவர் தனியாக ஓர் அடி அடித்தார். எதிர்மாடியில் கசாப்புக்கடை அமாரோ, அடைப்பெடுக்கத் தன் நீலத் தண்ணீர்த் தொட்டியைத் தட்டினார். டூம்.

“அமாரோ, அதைக் கீழ இறக்கு.”

“அக்கா, நான் குளிக்கிற தண்ணி!”

“நீ குளிச்சு இதுவரைக்கும் யாருக்கு என்ன லாபம்?”

தள்ளுவண்டியில் தொட்டி ஏறியது. மூடிக்குப் பதில் இரண்டு நண்டுக் கண்கள். தண்ணீரைக் கூட்டிக் குறைத்து அக்கா சுருதி சேர்த்தார்.

ஊர்வலத்தன்று, நடுவர் மேடைக்குச் சற்று முன் மழை பிடித்துக்கொண்டு பெய்தது. மழை நின்றபோது தொட்டி விளிம்புவரை நிறைந்து, தூக்கத்தில் உளறுவதுபோல் ஒலித்தது. கவிழ்க்கப் போனோம். ஊர்வல மேற்பார்வையாளர் ஓடிவந்தார்.

“ரோட்டுல தண்ணி கொட்டினா மார்க் போயிடும்!”

“ரோடு பூரா மழைத்தண்ணிதானேய்யா?”

“மழை கொட்டலாம். நீங்க கொட்டக் கூடாது.”

அக்கா திரும்பினார். “குடிங்க!”

குடித்தோம். தொப்பியில், செருப்பில், இறகுக் கிரீடத்தில் மொண்டு குடித்தோம். கொடியைச் சாய்க்கக் கூடாதென்பதால், கொடிக்காரி அதை நிமிர்த்திப் பிடித்தபடியே வாயைத் திறந்து நின்றாள், ஊற்றினோம். வேடிக்கை பார்க்க வந்த குன்றுக்காரர்கள் தடுப்பைத் தாண்டி வந்து குடித்தார்கள். அக்கா தட்டித் தட்டிக் கேட்டார். “இன்னும் நாலு வாய்! அமாரோ, உனக்கென்ன வெக்கம்? உன் தண்ணிதானே!”

நடுவர்களுக்கு முன்னால் அக்கா அடித்தார். தொட்டி பதில் சொன்னது. வயிறு குலுங்க நாங்கள் ஆடியதைப் புது நடனம் என்று நினைத்தார்களாம்.

கடைசிக்கு முந்திய இடம். குன்று முழுக்க வாணம் விட்டோம்.

சில வருடம் கழித்து அக்காவின் போனுக்கு லிஸ்பனிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பேச்சே இல்லை. ஒரே ஒரு முரசடி.

“அப்பவும் லேட்டு, இப்பவும் லேட்டு,” என்றார் அக்கா. சன்னலைத் திறந்து, போனை என்னிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லி, தன் முரசில் ஓர் அடி அடித்தார். எதிர்மாடியில் குளித்துக்கொண்டிருந்த அமாரோ, தலையில் சோப்போடு, தொட்டியைத் தட்டினார்.

அதைத்தான் அக்கா பதிலாக அனுப்பினார்.