நீங்க சிரிச்சா சிரிப்பேன்

புதன்கிழமை மாலை வழக்கம்போல மட்டாஞ்சேரியில் அந்த மரப்படியில் ஏறப் போனேன். கீழே சாயாக் கடை சேட்டன் தடுத்தார். "மேல ஆரும் இல்ல சேச்சி. மேடம் மரிச்சுப்போயாச்சு. காலைல ஹார்ட் அட்டாக்." பழைய அரிசிக் கிட்டங்கியின் மாடியில் மனநல ஆலோசகராக இருந்த ராதா மேடத்தைத்தான் சொன்னார். வீடு திருப்பூணித்துறையில் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். மேடத்திடம் மனம்விட்டுப் பேசிய உங்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது.

என் மணமுறிவு, பேச ஆளில்லாத ஒற்றை அறை, எல்லாம் அவருக்குத் தெரியும். அவரைப் பற்றி நான் அறிந்தது, பாலக்காட்டுத் தமிழ் பேசுவார், கோடையிலும் வெந்நீர்தான் குடிப்பார் என்பது மட்டுமே. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். "வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க மேடம்?"

"ஆரு இருந்தா உங்களுக்கு சமாதானமா இருக்கும்?" என்று திருப்பிக் கேட்டார்.

"யாருமே இருக்கக் கூடாது" என்றேன். என்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்றால் ஒரு தெம்பு. அவர் தலையசைத்துவிட்டு வெந்நீரை ஒரு மடக்கு குடித்தார். சரியான அழுத்தக்காரி.

முதல் நாளே ஒரு விதி சொல்லியிருந்தார். "வெளியில பாத்தா நான் முதல்ல சிரிக்க மாட்டேன். நீங்க சிரிச்சா சிரிப்பேன். உங்க இஷ்டம்." உங்களிடமும் சொல்லியிருப்பார். ஒரு ஞாயிறு, எர்ணாகுளம் படகில் எதிரே தனியாக உட்கார்ந்திருந்தார். என்னுடன் அலுவலகத்தார் இருந்ததால் நான் சிரிக்கவில்லை. அவரும் காயலையே பார்த்துக்கொண்டு வந்தார். மடியில் இருந்த பலகாரப் பொட்டலம் யாருக்காக என்று அக்கரை சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

திருப்பூணித்துறையில் வீடு கொள்ளாத கூட்டம். கணவர், இரண்டு மகள்கள், அழுது ஓயாத அக்காமார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் தனியாக இல்லை என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பொறாமையாக இருந்தது. அதைச் சொல்லி அழ எனக்கிருந்த ஒரே ஆள், நடுக்கூடத்தில் கண்மூடிப் படுத்திருந்தார்.

"அம்மாவ எப்படித் தெரியும்?" என்று மூத்த மகள் கேட்டாள். "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாசல் கேட் அருகே ஒரு பெண் யாரோடும் ஒட்டாமல் நின்றிருந்தாள். அவளிடமும் யாரோ அதையே கேட்டார்கள். அவளும் "தெரியும்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். என் பக்கம் பார்த்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பினாள்.

மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த விதி ஒன்றுதான். நான் முதலில் சிரித்தேன்.

அவள் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டாள். "சேச்சி, நீங்க எந்தக் கிழமை?"

"புதன்."

"நான் வெள்ளி" என்றாள்.