உப்பு பார்க்கத் தெரிந்தவள்

தஸ்னீமுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். சட்டென்று வாங்கிக் குடிக்க மாட்டாள். "இது இன்னா தண்ணிக்கா?" என்று கேட்பாள். கேன் தண்ணீரா, லாரித் தண்ணீரா, போர் தண்ணீரா என்று தெரிந்த பிறகுதான் வாயில் வைப்பாள். முதல் தடவை அப்படிக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொருக்குப்பேட்டையில் மளிகைக் கடை வைத்து, வெயிலில் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவள் நான். என் டம்ளரைச் சந்தேகப்பட இவள் யார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கேள்விதான் என் கடையையே காப்பாற்றியது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அவள் பிறந்து வளர்ந்தது காலடிப்பேட்டையில். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்தப் பக்கத்து வீடுகளில் தண்ணீருக்கே ஒரு படிப்பு வேண்டும். போர் தண்ணீர் கடல் மாதிரி கரிக்கும், அது பாத்திரம் கழுவ. லாரித் தண்ணீர் கலங்கி வரும், அதைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்துச் சமைக்க வேண்டும். குடிக்கக் கேன். குடம் மாறினால் அன்றைய டீ போச்சு. அந்த வீட்டில் குடங்களைப் பார்த்துக்கொண்டவள் தஸ்னீம்தான். பிறகு கெமிஸ்ட்ரி படித்தாள், பரீட்சை எழுதினாள், தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கணவர் முபாஷிர் எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் இருக்கிறார். வீட்டில் இருக்கும் மூன்று தண்ணீரையும் அவரும் கற்றுக்கொண்டுவிட்டார், வேறு வழியில்லை.

போலீஸ் சீல் வைத்து அனுப்பும் பொடி இன்னதென்று சொல்வதுதான் அவள் வேலை. எப்படிச் சொல்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். பெயர் தெரியாத பொடியைத் தண்ணீரில் கரைத்து, பெயர் தெரிந்த மருந்தை அதில் ஒரு சொட்டு விடுவாளாம். சில ஜோடி சேர்ந்ததும் தெளிந்த தண்ணீர் கலங்கி, திரண்டு, அடியில் படியும். அதற்குப் பெயர் வீழ்படிவு. அதன் நிறம் என்ன, மாவு மாதிரியா ஜெல்லி மாதிரியா, ஆசிட் விட்டால் கரைகிறதா என்று பார்த்துப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள்.

"கல்யாண வூட்ல யாரு பக்கத்துல யாரு வந்து குந்துனா மூஞ்சி மாறுதுன்னு பாப்போம்ல? அதாங்க்கா என் வேலை" என்றாள்.

இனி என் கதைக்கு வருகிறேன். நாங்கள் தூத்துக்குடிப் பக்கம், உப்பு விளைகிற ஊர். இங்கே கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்ச, வருஷா வருஷம் ரமலான் மாதம் முழுவதற்கும் உப்பு என் கடையிலிருந்துதான் போகும். காசு வாங்க மாட்டேன். எங்கள் ஊர் உப்பு, எங்கள் தெருக் கஞ்சி, அதில் எனக்கு ஒரு கர்வம். கஞ்சி காய்ச்சுகிற தமீம் பாயும் அதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் நோன்பு திறந்து கஞ்சி குடித்தவர்கள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். வீட்டுக்கு வாங்கிப்போனவர்களுக்கும் அதே கதை. ஆஸ்பத்திரியில் பார்த்து அனுப்பிவிட்டார்கள், கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கஞ்சி துவர்த்தது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவில் வெள்ளைப் பொடி. அது என்ன என்று போலீஸ் கேட்க, இசக்கிக்கா கடை உப்பு என்று தமீம் பாய் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். டப்பாவையும், என் கடை மூட்டையிலிருந்து ஒரு கை உப்பையும் சீல் வைத்து எடுத்துப்போனார்கள். முடிவு வரும்வரை கடையைத் திறக்கக் கூடாது என்றார்கள்.

பூட்டிய கடைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நேற்றுவரை அக்கா அக்கா என்று கூப்பிட்டவர்கள் தெருவுக்கு அந்தப் பக்கமாக நடந்து போனார்கள். கம்பெனிக்குப் போகும் ஏதோ கெமிக்கல் மூட்டையை யார்டிலிருந்து மலிவாக வாங்கி உப்பில் கலந்துவிட்டேன் என்று ஒரு பேச்சு. என் வீட்டுக்காரர் சங்கரநாராயணன் சாந்தமான மனுஷர். ஊருக்கே போய்விடலாம் என்றார். கலப்படக்காரி என்ற பெயரோடு நான் எந்த ஊருக்கும் போக மாட்டேன் என்று கத்தினேன். கத்திவிட்டு, உள்ளே போய் அழுதேன்.

அந்தச் சமயத்தில் டப்பா தஸ்னீமின் மேஜைக்குப் போயிருக்கிறது. அவளுக்கு என்னையும் தெரியாது, எங்கள் தெருவையும் தெரியாது. முதலில் என் கடை உப்பைக் கரைத்து சில்வர் நைட்ரேட் விட்டாள். பால் திரிந்த மாதிரி கெட்டியாக வெள்ளை இறங்கியது. சாப்பாட்டு உப்பு அப்படித்தான் செய்யுமாம். அடுத்து டப்பாப் பொடி. அதிலும் சில்வர் நைட்ரேட் விட்டதும் லேசாக வெள்ளை கலங்கியது. இன்னொரு குழாயில் பேரியம் குளோரைடு விட, அதிலும் வெள்ளை, ஆசிட் ஊற்றியும் கரையவில்லை. டப்பாவில் உப்பும் இருக்கிறது, உப்பல்லாத வேறொன்றும் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அப்படியே எழுதியிருந்தால் உப்பில் கலப்படம் என்று ஆகியிருக்கும். என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

தஸ்னீம் எழுதவில்லை. அந்த லேசான கலங்கல் அவளுக்குப் பிடிக்கவில்லை. உப்பு என்றால் உப்பு மாதிரி இறங்கவேண்டும், இது என்ன அரைகுறை என்று தோன்றியிருக்கிறது. பொடியே போடாமல், பொடி கரைக்க வைத்திருந்த கேன் தண்ணீரை மட்டும் ஒரு குழாயில் எடுத்து சில்வர் நைட்ரேட் விட்டாள். அதுவும் கலங்கியது. உதவியாளர் நீலமேகத்தைக் கூப்பிட்டு, வீட்டில் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்: இது இன்னா தண்ணி?

காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்துவிட்டதே, மேடம் காத்திருக்கக் கூடாதே என்று பாவம் அந்த மனுஷன் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கேனை நிரப்பியிருந்தார். உப்பு அந்தக் குழாய்த் தண்ணீரில் இருந்தது.

அவரைத் திட்டவில்லையாம். எல்லாக் கண்ணாடிக் குழாய்களையும் மறுபடி கழுவி, சரியான தண்ணீர் வரவழைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை டப்பாப் பொடியில் சில்வர் நைட்ரேட் விட்டபோது தண்ணீர் தெளிந்தபடியே நின்றது. அதில் உப்பு ஒரு துளிகூட இல்லை. பேரியம் மட்டும் முன்போலவே வெள்ளையை இறக்கியது. பிறகு காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். வெள்ளை ஜெல்லி திரண்டது, இன்னும் விட, வந்த சுவடு தெரியாமல் கரைந்து போனது. அப்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். இன்னும் இரண்டொரு சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு எழுதினாள். டப்பாவில் இருந்தது படிகாரம். கடை உப்பு சுத்தமான உப்பு.

போலீஸ் வந்து தமீம் பாயிடம் படிகாரம் என்றதும் அவர் தலையில் கை வைத்தார். லாரித் தண்ணீரைத் தெளியவைக்க அவரே இடித்து வைத்த படிகாரம் அது. உப்புக்கும் படிகாரத்துக்கும் ஒரே மாதிரி பிஸ்கட் டப்பா. அன்று காலையில் சமையல்கட்டைக் கழுவிவிட்டபோது இடம் மாறிவிட்டது. கஞ்சிக்குப் படிகாரம் போனது, தண்ணீர் டிரம்முக்கு என் உப்பு போனது. தண்ணீர் தெளியவே இல்லை என்று அன்றைக்கு முழுக்க லாரிக்காரனை வேறு ஏசியிருக்கிறார். கஞ்சியை வாயில் ஒரு சொட்டு விட்டிருந்தால் தெரிந்திருக்கும். நோன்பு வைத்திருக்கிற மனுஷன் எப்படி வாயில் விடுவார்?

கடையைத் திறந்த அன்று முதல் ஆளாக அவர்தான் வந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நோம்பு வெச்சிகினு என்னால ருசி பாக்க முடியாது இசக்கிக்கா. இனிமே நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னாதான் எறக்குவேன்" என்றார். திட்டுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் எங்கே போனதென்று தெரியவில்லை. "கரண்டியைக் கழுவிட்டுக் கொண்டாரும் பாய்" என்று மட்டும் சொன்னேன்.

பெருநாள் முடிந்து ஒரு நாள், அறிமுகமில்லாத ஒருத்தி வந்து படிகாரம் கேட்டாள். கொருக்குப்பேட்டையில் என் கடையில் வந்து படிகாரம் கேட்க எவ்வளவு தைரியம்! முறைத்துக்கொண்டே எடுத்தேன். தண்ணீர் கொடுத்தால், இது இன்னா தண்ணி என்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். கேஸ் முடிந்துவிட்டது, இனி சொல்லலாம் என்று முழுக் கதையையும் சொன்னாள். அந்த உப்பை விற்கிற அக்காவைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தாளாம். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இந்த வருஷம் ரமலானில் ஒரு நாள் வேலையிலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். பாங்கு சொல்லும் நேரம். தமீம் பாய் பள்ளிவாசலிலிருந்து சூடான கஞ்சியை டம்ளரில் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு டம்ளரைக் கையில் எடுத்தாள். எந்தத் தண்ணீரில் காய்ச்சினீர்கள் என்று கேட்கப்போகிறாள் என்று பாய் பதிலோடு தயாராக நின்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க உப்பு பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன்" என்றேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. மடக்மடக்கென்று குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் வேண்டும் என்று நீட்டினாள்.