கன்னியப்பன் பார்க்காத மூன்று பிளேட்டுகள்

1. நோட்டீஸ் போர்டு

எண்பதுகளின் தொடக்கத்தில், மண்ணூர்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டராகச் சேர்ந்தேன். அழுத்தம் தாங்கும் டேங்குகள் செய்கிற இடம். அங்கே கை வேலை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, சர்டிஃபிகேட்டும் வேண்டும். வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார். அவர் முன்னால் இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்டு போட்டுக் காட்ட வேண்டும். அந்த டெஸ்ட் பிளேட்டில் நம் நம்பரைப் பஞ்ச் அடித்து எடுத்துப் போய்விடுவார்கள். எங்கேயோ ஒரு லேப்பில் அதைத் துண்டு போட்டு வளைத்துப் பார்ப்பார்கள். விரிசல் விட்டால் போச்சு. அப்புறம் ஒருநாள் நோட்டீஸ் போர்டில் பேருக்கு நேராக ஒரே ஒரு வார்த்தை வரும். பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். மார்க்கும் கிடையாது, காரணமும் கிடையாது.

முதல் தடவையே நான் பாஸ். என்னோடு டெஸ்ட் கொடுத்த கன்னியப்பன் ஃபெயில். இதை நான் அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எங்கள் இரண்டு பேரில் யார் நல்ல வெல்டர் என்று ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். அவன் போட்ட வெல்டு, வாரிவிட்ட தலை மாதிரி வரிவரியாக ஒழுங்காக இருக்கும். நூம்பலிலிருந்து சைக்கிளில் வருவான். அப்பா அம்மா வயல் கூலி. அந்த வீட்டில் கம்பெனி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பாஸ் ஆனால் பர்மனென்ட், ஆகாவிட்டால் ஹெல்ப்பராகவே கிடக்க வேண்டும்.

சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் கேட்டான்.

"நீ இன்னா பண்ண மாமே? சொல்லு, அதயே நானும் பண்றேன்."

நான் ஏன் பாஸ் ஆனேன் என்று எனக்கும் யாரும் சொல்லவில்லையே.

2. ஆளுக்கொரு காரணம்

காரணம் தெரியாத இடத்தில் ஊரே டாக்டர் ஆகிவிடும். கரண்ட் கம்மி என்றார் ஒருவர், கன்னியப்பன் கூட்டி வைத்தான். வெல்டிங் ராடு பிடிக்கிற சாய்வு சரியில்லை என்றார் இன்னொருவர், சாய்வை மாற்றினான். இடமிருந்து வலம் போகாதே என்றார்கள், வலமிருந்து இடம் போனான். திருவேற்காடு அம்மன் கோயில் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து வெல்டிங் மெஷின் மேல் வைத்தான். அந்தப் பழம் ஒன்றுதான் கெடுதல் பண்ணவில்லை. மற்றபடி சரியாக இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்திக் கையைக் கெடுத்துக்கொண்டான். இரண்டாம் தடவையும் ஃபெயில். மூன்றாம் தடவையும் அதே.

மூன்றாவது ரிசல்ட் வந்த அன்றைக்கு இன்ஸ்பெக்டர் ஷாப்பில்தான் இருந்தார். கன்னியப்பன் நேராக அவர் முன்னால் போய் நின்றான். கையில் மாட்டிய க்ளவுஸைக் கூடக் கழற்றவில்லை.

"சார், வேல கூட வேணாம் சார். இன்னா தப்புன்னு மட்டும் சொல்லுங்க. அந்தப் பீஸ ஒரு தபா கண்ணுல காட்டுங்க."

அவர் கெட்டவர் இல்லை. சலித்துக்கொள்ளக்கூட இல்லை. "பாஸா ஃபெயிலான்னு சொல்றது வரைக்கும்தான்பா என் வேலை. பீஸெல்லாம் அங்கயே ஸ்கிராப்ல போட்டுடுவாங்க" என்றார்.

அடுத்த வாரம் கன்னியப்பன் வரவில்லை. பூந்தமல்லியில் ஜன்னல் கிரில் அடிக்கிற கடையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கிரில்லுக்கு யாரும் சர்டிஃபிகேட் கேட்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் அவனும் உட்காரும் மரப்பெட்டியில் ரொம்ப நாள் நான் தனியாகத்தான் உட்கார்ந்தேன். வேறு ஆட்கள் கூப்பிட்டார்கள். போகத் தோன்றவில்லை.

3. கோணிப்பை

தொண்ணூறுகளில் நான் ஃபோர்மேன் ஆனேன். புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். டெஸ்ட் முடிந்து ரிசல்ட் நாளில் ஒரு கோணிப்பையைத் தூக்கிவரச் சொல்லி, வளைத்த துண்டுகளை எல்லாம் என் மேஜையில் கொட்டினார். ஒவ்வொரு வெல்டரையும் நம்பர் சொல்லிக் கூப்பிட்டு, அவனவன் துண்டை அவனவன் கையில் கொடுத்தார். விரிசல் எங்கே விட்டது, ஏன் விட்டது என்று விரலை வைத்துக் காட்டினார். ஃபெயில் ஆனவர்கள்கூடத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

நான் கன்னியப்பனை நினைத்துக்கொண்டேன். இந்தக் கோணி அன்றைக்கு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அடுத்த டெஸ்டுக்கு ஆள் பற்றாக்குறை, வெளி ஆட்களையும் எடுக்கச் சொன்னார்கள். அன்றே பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். கன்னியப்பன் இப்போது சொந்தமாகக் கடை வைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த வெல்டிங் ஹோல்டரைக் கீழே வைத்தான்.

"வேலைக்கெல்லாம் வர்ல மாமே. பீஸ காட்டுவாங்கன்னா வரேன்."

வந்தான். யார் சொன்ன சாய்வும் இல்லாமல், யார் சொன்ன கரண்டும் இல்லாமல், பழைய கன்னியப்பனாகவே போட்டான். அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு மரப்பெட்டி ஞாபகம் வந்துவிட்டது.

ரிசல்ட் நாளில் அந்த அம்மா துண்டை அவன் கையில் கொடுத்தார். லாடம் போல வளைந்திருந்தது, ஒரு கீறல் இல்லை. "ரொம்ப நல்ல வெல்டு. பாஸ்" என்றார். கன்னியப்பன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மொத தபாவும் இப்டித்தாம்மா போட்டேன். அப்போ அதுல இன்னாதான் இருந்திச்சு?"

அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பதில் தெரிந்த ஒரே பொருள் என்றைக்கோ உலைக்குப் போய்விட்டது. அவன் கையிலிருந்த துண்டைக் கர்சீப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினான். கம்பெனிக்குத் திரும்பி வரவில்லை.

இளைய இன்ஸ்பெக்டர்களுக்கும் ஃபோர்மேன்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஃபெயில் போடுங்கள், தப்பில்லை. ஆனால் வெல்டு போட்டவன் கையில் கொடுத்துக் காட்டாமல் எந்தப் பீஸையும் ஸ்கிராப்பில் போடாதீர்கள். நான் இருந்தவரை என் ஷாப்பில் போட விட்டதில்லை.

ரிட்டயர் ஆகிவிட்டேன். இப்போதும் அம்பத்தூரில் பழைய இரும்புக் கடையைத் தாண்டும்போது கால் தானாக நின்றுவிடுகிறது. இருக்காது என்று நன்றாகவே தெரியும். இருந்தாலும் வளைந்த தகடு எதைப் பார்த்தாலும் குனிந்து, கன்னியப்பன் நம்பர் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன்.